வேன்காரம்மா பள்ளிக்கூடம் கேட்டுப் போன கதை

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து பேசிவிட்டு நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "ஊருக்கு நல்லது செய்ய உலகத்துல நீ ஒருத்திதான் கிடைச்சியாம்மா? நம்ம பிழைப்ப நாமளே கெடுத்துக்கிட்டு, இப்ப வண்டிக்கு ஆள் தேடி அலையணுமா?" என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. உன் இடத்தில் யார் இருந்தாலும் கேட்பார்கள். ஆனால் போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் ஒன்று சொல்லுவாய், பிறகு நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். நமக்குள் எப்போதும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் என்றால் முடிகிறவரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அம்மா மேல் ஒரு மனத்தாங்கலோடு நீ மணவறையில் உட்காரக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ தோன்றட்டும்.

உங்கப்பாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன வருஷம் நீ பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற நம் வேனை விற்றுவிடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் ஓட்டுகிறேன் என்றேன். உங்கப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையிலேயே ஆற்றங்கரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "பைய, பைய. கிளச்ச பைய விடு. அது என்ன மாவாட்டுத குழவியா?" என்பார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து நான் ஓட்டுகிறேன், அவர் கதவைத் திறந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது வேனுக்கு உள்ளே நடந்தது.

நம் ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்கு நேராகப் போனால் பெரிய தூரமில்லை. வேன் நேராகப் போகாது. நம் தெரு, கால்வாய்க்கு அந்தப் பக்கம், பைபாஸ் ஓரத்துப் புது நகர், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நாலு வீடு என்று ஊர் ஊராய்ச் சுற்றித்தான் போகும். முதலில் ஏறுகிற பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். முதலில் ஏறுவது நம் ஊர்ப் பிள்ளைகள். எல்.கே.ஜி. படிக்கிற பொடிசுகள், கண் சரியாகத் திறக்கும் முன்னே ஏறும். கொஞ்ச தூரத்திலேயே தலை சாய்ந்துவிடும். உங்கப்பா ஒரு துண்டை மடித்து ஜன்னலுக்கும் தலைக்கும் நடுவில் வைத்துவிடுவார். நம் ஊர்த் தொடக்கப்பள்ளி பிள்ளை இல்லை என்று மூடிப்போய் வருஷங்களாகிவிட்டன. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வேண்டுமென்றால் பைபாஸைக் குறுக்கே கடக்க வேண்டும். எந்தத் தாய் விடுவாள்? அதனால் நம் வேன் ஓடியது. அதில்தான் நாம் சாப்பிட்டோம், நீ படித்தாய். அதை நான் மறக்கவில்லை.

சாயங்காலம் இறக்கும்போது பைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சின்னப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் காலையில் ஏறின கனத்திலேயே இறங்கும். முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கவனித்தேன். காலையில் ஏற்றிவிடும்போதே தாய்மார் பிள்ளையின் காதில் சொல்லி அனுப்புவார்கள், "வேன்ல ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லப்பிடாது, தண்ணி ரொம்பக் குடிக்காத." சில வீட்டில் பாலும் கொடுப்பதில்லை, வழியில் வாந்தி எடுத்துவிடும் என்று. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வழியில் வண்டியை நிறுத்த இடம் கிடையாது, நிறுத்தினால் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியாது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அப்படியே பழகிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் டீச்சர் நம் ஊருக்குக் குடிவந்தார்கள். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய பூர்வீக வீட்டில் வந்து இருக்கிறார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். கால்வாய்க் கரையில் ஊர்ப் பொதுவில் சும்மா கிடக்கிற, முன்னே உர மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கியைச் சரிபண்ணி, ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற ஒரு தொடக்கப்பள்ளி வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். கல்வி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பெற்றோர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து வாருங்கள், கட்டடமும் ஆசிரியரும் சரியாக இருந்தால் அனுமதி கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, வேண்டியது பெற்றோர்தான்.

டீச்சருக்கு எல்லாம் தெரியும், ஆளைக் கூப்பிட மட்டும் தெரியாது. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் தாய்மொழிக் கல்வி, குழந்தை மனம் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். வாசல் தாண்டியதும், "பாவம், நல்ல மனுசி" என்பார்கள். அதோடு சரி. எல்லா வீட்டுக்கும் போனவர்கள் நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒருநாள் உவரியிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காவிடம் இரண்டு பேரும் சாளை வாங்கிக்கொண்டு நிற்கும்போது நானே கேட்டுவிட்டேன்.

"ஏன் டீச்சர், எங்க வீட்டுக்கு மட்டும் வரலியே?"

"உங்க வீட்டுக்கு எந்த முகத்த வச்சுக்கிட்டு வருவேம்மா? இந்தப் பள்ளிக்கூடம் வந்தா உங்க வண்டிக்குத்தான மொத நட்டம். உங்க சோத்தக் கேட்டு உங்க வாசல்லயே வந்து நிக்கதுக்கு எனக்கு மனசு வரல."

நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு சங்கடம் தொடங்கியது. டீச்சர் போய்விட்டு வந்த வீட்டில் எல்லாம் மறுநாள் காலையில் பிள்ளையை ஏற்றும்போது என்னிடம் கேட்பார்கள், "டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் சொல்லுதாவளே, நீங்க என்ன சொல்லுதிய யக்கா?" தினமும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவள் என்பதால் என் வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பு. "உங்க பிள்ளை, உங்க இஷ்டம்" என்பேன். அது பதில் மாதிரி இருக்கும், ஆனால் பதில் இல்லை. நான் அப்படிச் சொன்னதும் அவர்கள் முகத்தில், சரி, இவளுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்ற முடிவு வந்து உட்காரும். அதைப் பார்த்துக்கொண்டே கியரைப் போட்டுக் கிளப்பிவிடுவேன்.

அரிசி மில் அண்ணாச்சியின் பேத்தி தர்ஷினியை உனக்குத் தெரியும். நீ போன பொங்கலுக்கு வந்தபோது உன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றாளே, அவள்தான். ஒரு வாரம் அவள் வேனுக்கு வரவில்லை. விசாரித்தால், காய்ச்சல் விடாமல் அடித்துத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். மதியம் வண்டி சும்மா நிற்கிற நேரத்தில் உங்கப்பாவை விட்டுவிட்டு நான் மட்டும் பார்க்கப் போனேன். பிள்ளை கையில் ஊசி குத்தி, ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வேன் அம்மா, எனக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டாள். அவள் தாய் மீனா வராந்தாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சிக்கு மருமகள். வாய் அதிர்ந்து பேசமாட்டாள்.

"ஒண்ணுக்குப் போற எடத்துல சீழ் வச்சிருக்காம் யக்கா. பிள்ளைக்குத் தண்ணியே குடுக்கதில்லையா, ஒண்ணுக்க அடக்கி வைக்குமான்னு டாக்டர் கேக்காவ. நான் என்ன சொல்ல? காலையில தண்ணி குடுக்காண்டாம்னு நிறுத்துனது நாந்தான. வேன்ல போயிச் சேரணுமேன்னு." சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். "மில்லுல இத்தன பேருக்குத் தண்ணிப் பானை வச்சிருக்கோம். எம் பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்கல."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருகவில்லை. இனிமேல் யார் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்று என்னால் சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிந்தது. பெரிய ஞானம் ஒன்றும் இல்லை ராசா. அந்தச் சொல் இனி என் வாயில் வராது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். நான் டீச்சரோடு சேர்ந்து வீடு வீடாகப் போகப் போகிறேன் என்றேன். அவர் பழைய டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, நான் டயர மாத்தணும்னு நிக்கேன், நீ பிழைப்பையே மாத்தணும்னு சொல்லுத. இந்தப் பிள்ளேள எறக்கிவிட்டுட்டு நாம எதுல ஏற?" என்றார். அவர் கேட்டதும் நீ கேட்டதும் ஒன்றுதான். "தெரியல. ஆனா போவேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வருவார், கதவைத் திறப்பார், மூடுவார். பிள்ளைகளே கேட்டுவிட்டார்கள், "வேன் தாத்தா ஏன் எங்ககிட்ட மட்டும் பேசுதாவ?" என்று.

டீச்சரோடு போனபோதுதான் ஒன்று புரிந்தது. நம் வேன் பிள்ளைகளின் தாய்மாரில் யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்வி, "பாத்திமா மகன் சேந்தா நானும் சேக்கேன்" என்றாள். பாத்திமா, "முத்துலட்சுமி வீட்டுல முடிவு பண்ணட்டும், பெறகு நாங்களும்" என்றாள். முத்துலட்சுமியிடம் போனால், "செல்வி என்ன சொன்னா?" என்று கேட்கிறாள். எல்லாரும் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பயம் என்னவென்றால், நாம் மட்டும் சேர்த்து, ஒரு வருஷத்தில் இழுத்து மூடிவிட்டால் பிள்ளை நடுத்தெருவில் நிற்குமே என்பது. இங்கிலீஷ் வராமல் போய்விடுமே என்பது. ஞாயமான பயம். அதற்கு டீச்சர் சொல்கிற குழந்தை மனம் எல்லாம் மருந்தாகுமா? அவர்கள் மூன்று பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தேன். கூட்டம் என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னிடம் இருப்பது ஒரு வண்டிதானே.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு லீவு, சின்னவர்களுக்கு மட்டும் ஏதோ விழா ஒத்திகை. வண்டியில் பாதி இடம் காலி. முந்தின நாளே ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன், "நாளைக்கு நீங்களும் ஏறுங்க. பிள்ளை தெனமும் எப்படிப் போவுதுன்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்க. டவுன்ல ஒரு வேலை இருந்தா முடிச்சிட்டு வந்திரலாம்." டவுனுக்குச் சும்மா போய்வரலாம் என்றதும் வந்துவிட்டார்கள். மீனாவும் மாமனாரிடம் பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்து ஏறினாள்.

முதலில் ஒரே பேச்சும் சிரிப்பும். கால்வாய் தாண்டுகிறவரைக்கும் கல்யாண வண்டி மாதிரி இருந்தது. புது நகர் சுற்றும்போது பேச்சு குறைந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட இருக்கை, முட்டி இடிக்கும், காற்று வராது. பைபாஸில் சரக்கு லாரிகளுக்கு நடுவில் நிற்கும்போது செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாலத்துக்குக் கீழே போகிற மண்பாதையில் முத்துலட்சுமி, "யக்கா, கொஞ்சம் நிறுத்துங்க, வயித்தப் பெரட்டுது" என்றாள். "இங்கன நிறுத்த எடமில்ல தாயி" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, நிஜமாகவே இடமில்லை. அவள் பிள்ளை தன் பையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து, பழகின கையால் விரித்து, தாய்க்கு நீட்டியது. "இதுல எடும்மா. சத்தம் போடாம எடுத்தா யாருக்கும் தெரியாது" என்றது.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது யாருக்கும் டவுனில் வேலை எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மருத மரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். எஸ்தர் டீச்சரை அங்கே வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு டீச்சர் அதிகம் பேசவில்லை. பாத்திமாதான் கேட்டாள், "ஒரு வருசத்துல மூடிட்டா என்ன செய்ய டீச்சர்?"

"மூடாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. நீங்க விட்டா மூடும். விடலேன்னா மூடாது" என்றார்கள்.

அந்த ஒரு பதில், அத்தனை நாள் பேசியதற்கும் மேலாக வேலை செய்தது. எந்த வீட்டிலும் அப்படி உள்ளதை உள்ளபடி சொன்னதில்லை அவர்கள். பாத்திமா, "எங்க தெருவுல என் நாத்தனா மக பி.ஏ. இங்கிலீஷ் படிச்சு, டீச்சர் பரீட்சையும் எழுதிட்டுச் சும்மாத்தான் இருக்கா" என்றாள். செல்வி, "மொதல்ல கக்கூஸ் கட்டணும். தண்ணியோட. அது இல்லாம நான் அனுப்ப மாட்டேன்" என்றாள். மரத்தடியில் ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் வேண்டுமா என்ற பேச்சு போய், எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டது.

தாய்மார் சரி என்றால் காரியம் முடிந்ததா? கிட்டங்கியில் கூட்டம் போட்டோம். உர வாடை மூக்கைத் துளைத்தது. அண்ணாச்சியும் வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தலையசைத்தால் பாதி ஊர் வரும். டீச்சர் பேசி முடித்ததும் அவர் என்னைத்தான் கேட்டார்.

"நான் ஒண்ணு கேக்கணும்மா. இது வந்தா மொதல்ல வயித்துல அடி விழுகது உனக்குத்தான். நீ ஏன் இதுக்கு இப்படி அலையுத? டீச்சர் உனக்கு என்ன தாரேன்னு சொல்லிருக்காவ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஒண்ணும் தாரேன்னு சொல்லல அண்ணாச்சி. எனக்கு நட்டந்தான். வண்டி பாதி காலியாயிரும். அதுக்கு என்ன செய்யன்னு எனக்கு இன்னும் தெரியல."

"பின்னே?"

"பின்னே என்ன அண்ணாச்சி. நீங்க ஏத்தி விட்டுட்டு உள்ள போயிருவிய. நான் பாத்துக்கிட்டே ஓட்டணும்."

"நல்லாத்தான் பேசுத. ஆனா எம் பேத்தி டவுனுக்குத்தான் போவா" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவரோடு ஆண்கள் பலரும் எழுந்து போய்விட்டார்கள். மீனா எழும்பவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்று, பிறகு தலை குனிந்து பின்னாலேயே போனாள். டீச்சர் என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. காசுக்காகப் பேசுகிறவள் என்று ஊர் நடுவில் வைத்துக் கேட்டதுபோல் இருந்தது.

உங்கப்பா கதவோரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அவர் வேனில் வரவில்லை. டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைச் செல்வி புருஷன்தான் எனக்குப் பிறகு சொன்னான். உங்கப்பா ஒரு டீயை வாங்கிக்கொண்டு, அவனைப் பார்த்து, "ஏலே, உம் மவன் எந்தக் கையால எழுதுதான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். அவன் முழித்திருக்கிறான். "நீ எந்திரிக்கதுக்கு முன்ன அவன் வண்டியில. நீ வேலை முடிஞ்சு வாரதுக்கு முன்ன அவன் தூங்கிருவான். இடது கைலே. மழை பேஞ்சா வண்டிக் கண்ணாடில ஆவி படியும்லா, அதுல அவன் பேர எழுதுவான். எழுதிட்டு எனக்குக் காட்டுவான். ஒனக்குக் காட்ட வேண்டியத எனக்குக் காட்டுதான்." பிறகு எல்லாரையும் பார்த்து, "எம் பொண்டாட்டிக்கு ஒருத்தரும் எதுவும் தரலவே. சந்தேகம் இருந்தா எங்கிட்ட கேளும். இந்த விசயத்துல நானே அவகூடப் பேசாம கெடந்தவன்தான்" என்றாராம்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் விடு" என்றார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். நானும் வேறு ஒன்றும் கேட்காமல் ரசத்தை விட்டேன்.

அதன் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தினமும் இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும், அந்த நிபந்தனையோடு வந்தார்கள். டீச்சர் ஒத்துக்கொண்டார்கள். கிட்டங்கியைக் கழுவிக் கழுவி ஊற்றியும் உர வாடை போக வெகுநாளாயிற்று. செல்வி சொன்னபடி கழிவறைதான் முதலில் எழும்பியது. அனுமதி கிடைக்க அலைந்த அலைச்சலை எழுதினால் உனக்குக் கல்யாணமே முடிந்துவிடும். கிடைத்தது, அவ்வளவு போதும். இரண்டாம் வகுப்பு வரைக்கும் தொடங்கினோம். நினைத்த அளவுக்குப் பிள்ளைகள் சேரவில்லை. ஆனால் நடத்துகிற அளவுக்குச் சேர்ந்தார்கள்.

ஜூன் மாதம் திறந்த அன்று நானும் உங்கப்பாவும் அந்தக் கால்வாய்ப் பாலத்தில் போய் நின்றோம். அப்போது ஒன்று பார்த்தேன். அதை எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் நடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர்களெல்லாம் கண்ணாடியில் தெரிகிற தூங்குகிற தலைகள்தான். வாசலில் தூக்கி ஏற்றுவோம், பள்ளிக்கூட கேட்டில் தூக்கி இறக்குவோம். அன்றைக்கு அவர்கள் தங்கள் தெருவில் தங்கள் காலால் நடந்து வந்தார்கள். முத்துலட்சுமி பிள்ளை பின்பக்கமாகவே நடந்து வருகிறது. பாத்திமா மகன் ஒவ்வொரு வீட்டு நாயையும் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். செல்வி மகன் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். உங்கப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாதே, "யாரு வாரா, என்ன செய்யுதான், சொல்லுட்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

தர்ஷினி வரவில்லை. அவள் மாத்திரம் வேனில்தான் வந்தாள், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில், சின்னதாக, ஒற்றையாக. நான் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீனாவிடமும் கேட்கவில்லை. காலையில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பச் சொன்னேன், சுற்று குறைந்து நேரம் இருந்ததால், வழியில் அவள் கேட்டால் யார் வீட்டு வாசலானாலும் நிறுத்தினேன். விஜயதசமியன்று கிட்டங்கி வாசலில் புதுப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வருகிறார். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு தர்ஷினி முன்னால் ஓடி வருகிறாள். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வண்டியில பிள்ளை ஒத்தையில உக்காந்து போறது பாக்க நல்லால்லம்மா. கூட்டாளிங்க எல்லாரும் இங்கன இருக்காவ" என்றார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிந்தி வருகிறவரிடம் ஏன் பிந்தினாய் என்று கேட்காதே ராசா. வந்துவிட்டார்கள் என்றால் இடம் விட்டு நகர்ந்து உட்கார். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி என்று ஒன்று இருந்தால் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. புது இடத்தில் புது மனுஷியோடு வாழப்போகிறாய். அவள் ஒரு காரியத்துக்கு மாட்டேன் என்றால் உடனே அவளை மாற்றப் பேசாதே. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேள். நானும் உங்கப்பாவும் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை ஒரு பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டோம். உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம். உன்னால் சத்தியம் பண்ண முடியாத விஷயத்தில் சத்தியம் பண்ணாதே. முடியாது என்று சொன்னாலும் மனிதர்கள் நம்புவார்கள். முடியும் என்று சும்மா சொன்னால்தான் நம்பமாட்டார்கள்.

இனி நம் பிழைப்பைப் பற்றி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இன்னும் நம் வண்டியில்தான் போகிறார்கள். மதியம் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி நர்ஸ் பெண்களை ஏற்றி இறக்க ஒரு நடை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறு அருவிக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், யாராவது கூப்பிடுகிறார்கள். முன்னைப்போல் இல்லை. குறைவுதான். அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரிகிறது, உங்கப்பாவுக்கு மாத்திரை தப்பவில்லை. உனக்குச் சுமையாக வந்து நிற்போமோ என்று நீ பயப்படுகிறாய். போனில் நீ கோபமாகப் பேசியதற்கு உள்ளே அந்தப் பயம்தான் இருந்தது என்று எனக்கு இப்போதுதான் படுகிறது. அப்படித்தானே? அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்திருக்கலாம். கேட்காமல் விட்டது என் தப்புதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அவனுக்கா எழுதுத?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன சொல்லுதான்? நாம செஞ்சதுக்குச் சரிங்கானா, மாட்டேங்கானா?" என்று கேட்டார். இன்னும் வாசிக்கவே இல்லையே, எப்படித் தெரியும் என்றேன். "மாட்டேன்னு சொன்னான்னா வண்டிய எடு. ஓசூருக்கும் ரோடு இருக்குல்லா. அவன் வாசல்லயும் போய் நிப்போம்" என்றார்.

ஆகையால் இதை வாசித்ததும் நீயே ஒரு போன் போட்டுவிடு. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயர் மாற்றி வைத்திருக்கிறார்.

உன் அம்மா